அகப்படாத நிரற்கூறு: பைதன் வழுவொன்றினை விளங்கிக்கொள்ளல்

ஊவாத் தோட்டப் பகுதிகளின் வாய்மொழிப் பாடல்களைக் கணினியின் துணைகொண்டு ஆராய முற்படும் மாணவர், முதலில் எழுத்தெண்ணும் பிரச்சினையை எதிர்நோக்குவர். 'தோட்டம்' என்னுஞ் சொல்லில் நான்கு எழுத்துக்களே உள. பைதன் மொழியோ, உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே கணக்கிட்டு 7 என விடை தரும். இக்குறையை நீக்குவதற்கே 'ஓப்பின் தமிழ்' என்னும் திறந்த மூலப் பொதி தேவைப்படுகின்றது. ஆயின் அதனை நிறுவிய பின்னரும், விசுவல் ஸ்டூடியோ கோட் என்னும் நிரல் தொகுப்பியில் 'மொடியூல் நொட் ஃபவுண்ட்' என்ற வழுச்செய்தி தோன்றுவதுண்டு. இதன் பொருள் யாது?

ஒரு டிவிசனின் செக்ரோலிற் பெயர் பதிந்த தொழிலாளியை மறு டிவிசனின் செக்ரோலில் தேடினால் அகப்படமாட்டார். அவர் வேலைக்கு வரவில்லை என்பது அதற்குப் பொருளன்று. அவ்வாறே, ஒரு கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட பைதன்கள் இருக்கலாம். பொதி ஒன்றிற் பதியப்பட்டிருக்க, தொகுப்பி மற்றொன்றில் தேடுகின்றது. வழுவின் அடிப்படை பெரும்பாலும் இதுவேயாம்.

எனவே, மீண்டும் தரவிறக்குமுன் நான்கு விடயங்களை நோக்குதல் வேண்டும். முதலாவது, பெயர். நிறுவும்போது 'ஓப்பின்-தமிழ்' எனக் குறிக்கப்படும் பொதி, நிரலில் 'தமிழ்' என்றே அழைக்கப்படும். இரண்டாவது, தெரிவு. கன்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய விசைகளை ஒருங்கே அழுத்தி, 'பைதன்: செலெக்ட் இன்டர்பிரெட்டர்' என்பதன் மூலம் உரிய பைதனைத் தெரிந்து, புதிய டெர்மினலைத் திறந்து, 'பைதன் -எம் பிப் இன்ஸ்டால்' என்னும் வடிவில் நிறுவுதல் வேண்டும். 'பிப்' என்று மட்டும் தொடங்கினால் அது வேறொரு பைதனுக்குரியதாய் அமைந்துவிடலாம். மூன்றாவது, மாணவர் தம் கோப்புக்கே ஆங்கில எழுத்தில் 'தமிழ்' எனப் பெயரிடுதல். பைதன் முதலில் அந்நிரல் உள்ள கோப்புறையையே நோக்குமாதலின், பொதி மறைந்துபோம். நான்காவது, இடமாற்றம். பதுளையில் ஒரு கணினியில் அமைத்த மெய்நிகர் சூழலைப் பசறையிலோ மடுல்சீமையிலோ உள்ள வேறொரு கணினியிற் பிரதிசெய்தாற் பயனில்லை. பழைய கணினியின் பாதைகளே அதனுட் பதிந்துள்ளன. அதனைப் புதிதாய் அமைத்தலே முறை. இணைய வசதி குன்றிய லயங்களுக்கு, 'பிப் டவுன்லோட்' கட்டளையாற் பெற்ற பொதிக் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துச் சென்று, 'நோ இன்டெக்ஸ்', 'ஃபைன்ட் லிங்க்ஸ்' ஆகிய தெரிவுகளோடு நிறுவலாம்.

இவ்வழுவைத் தம் ஆங்கில அறிவின் குறையாகவோ தகுதியின்மையாகவோ கொண்டு மாணவர் ஆய்வையே கைவிடல் கூடும். வழுவோ தனிமனித ஆற்றலிலிருந்து பிறந்ததன்று. கருவிகளுக்கிடையிலான உறவின் முரண்பாட்டிலிருந்து பிறந்தது. உழைப்பாளரின் பாடல்களை அவர்தம் பிள்ளைகளே ஆராய வேண்டுமாயின், கருவியைப் போலவே அதன் இயக்கம் பற்றிய அறிவும் அவர் கைக்கு வந்து சேர்தல் அவசியம். அறிவு சிலரின் தனியுடைமையாய் இருக்குமளவும் கருவி பொதுவுடைமையாதல் பெயரளவிலேயே நிற்கும் என்பது நமது கருத்தாகும்.