அக்கினி ஸ்தலத்தில் நின்ற வண்டி

மார்கழி மாதத்துக் காலை வேளையில் மோட்டாரில் பிரயாணம் செய்வதைப் போன்ற சுகம் வேறில்லை என்பது நம் குடும்பத்தில் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம். வெயில் உறைக்காது, புழுதி பறக்காது, மழை ஓய்ந்து கண்மாய்கள் ததும்பி நிற்கும். ஆகவே, "பஞ்சபூத ஸ்தலங்கள் ஐந்தையும் ஒரே நாளில் தரிசித்துவிட வேண்டும்" என்று 76 வயதான நம் தாயார் விருப்பம் தெரிவித்தபோது, ஆட்சேபிப்பார் ஒருவருமில்லை.

காஞ்சி, காளத்தி, சிதம்பரம் முதலிய ஐந்து ஸ்தலங்களை எல்லோரும் அறிவார்கள். தென்பாண்டி நாட்டிலும் அத்தகைய ஐந்து உண்டு. சங்கரன்கோவில் மண், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். ஐந்தும் ஒன்றுக்கொன்று அதிக தூரத்தில் இல்லை. முதலில் சங்கரன்கோவில், உச்சிக் காலத்தில் நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும் என்பது தாயாரின் திட்டம். ஐந்து மணிக்கு மதுரையை விட்டுக் கிளம்புவதாக இருந்தவர்கள், வழக்கப்படி ஏழு மணிக்குக் கிளம்பினோம்.

ராஜபாளையம் தாண்டியதும் மேற்கே மலைத்தொடர் பனிப் போர்வையுடன் கூடவே வந்தது. குழந்தைகள் மயில்களை எண்ணினார்கள். வண்டியை ஓட்டிய நாமும் மயில்களைத்தான் பார்த்தோமே தவிர, எதிரே இருந்த உஷ்ணமானி முள்ளைப் பார்க்கவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்த சமயத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. முன்புறத்திலிருந்து வெள்ளைப் புகை எழும்பிற்று. ஐந்து ஸ்தலங்களில் அக்கினி ஸ்தலமாகப் பார்த்து நம் வண்டி நின்றுவிட்டது!

சங்கரன்கோவில் ஸ்தல புராணத்தில் சங்கன், பதுமன் என்று இரண்டு நாகங்கள் வருகின்றன. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று அவை வாதாடினவாம். அந்த வாதம் நம் வண்டியில் வேறு ரூபத்தில் ஆரம்பமாயிற்று. "ரப்பர்க் குழாய் பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லவில்லையா?" என்றாள் நம் இல்லாள். "ஏழு மணி வரையில் மூட்டை கட்டியது யார்?" என்றோம் நாம். உண்மையில் அவள் கட்சியில்தான் நியாயம் இருந்தது. "குளிர்காலத்தில் வண்டி சூடாகாது, சித்திரைக்கு முன் மாற்றிக் கொள்ளலாம்" என்று தள்ளிப் போட்டவர் நாமே.

நடை சாத்தும் நேரம் நெருங்குகிறதே என்ற பதற்றம் ஒரு பக்கம். வாதத்தில் தோற்ற ரோஷம் மறு பக்கம். ஈரத் துண்டு ஒன்றைக் கையில் சுற்றிக்கொண்டு, தண்ணீர் ஊற்றுவதற்காக ரேடியேட்டர் மூடியின்மேல் கை வைத்தோம். நம் ஏழு வயதுப் பையன் வேடிக்கை பார்க்கும் ஆவலில் முகத்தை அருகே நீட்டிக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி! கையை எடுங்க! பிள்ளையைத் தள்ளி நிறுத்துங்க!"

சாலையோரம் லாரியை நிறுத்திவிட்டு ஒருவர் ஓடி வந்தார். வந்தவர் வேறொன்றும் பேசாமல் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையில் தோல் சுருங்கி வெளுத்திருந்தது. "கிளீனரா இருந்தப்போ இதே மாதிரி திறந்தேன். பத்தொன்பது வயசு" என்றார். ஈரத் துண்டு நம் கையிலிருந்து நழுவி விழுந்தது.

விஷயம் இதுதான். என்ஜினுக்குள் எண்ணெய் எரியும் கணத்தில் உஷ்ணம் 2,000 டிகிரியையும் தாண்டுகிறது. சுற்றி ஓடும் நீர்தான் அந்த உஷ்ணத்தில் ஒரு பங்கை ஏந்திக்கொண்டு போய் ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்கிறது. வெளியே பனி பெய்தாலும், நீர் ஒழுகிவிட்டால் உள்ளே நெருப்பை ஆற்றுவதற்கு ஆளில்லை. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், இறுக மூடிய ரேடியேட்டருக்குள் அழுத்தத்தினால் சுமார் 120 டிகிரி வரையில் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்தால் அழுத்தம் போய்விடும். நீர் அத்தனை சூட்டுடன் ஒரே நொடியில் ஆவியாகச் சீறும். ஈரத் துண்டா அதைத் தடுக்கும்?

முக்கால் மணி நேரம் புளிய மர நிழலில் உட்கார்ந்திருந்தோம். அருகிலிருந்த வீட்டு அம்மாள் ஒரு குடம் தண்ணீருடன் தாயாருக்கு மோரும் கொண்டுவந்து கொடுத்தாள். சூடு முற்றும் ஆறிய பிறகு லாரிக்காரர் ரப்பர்க் குழாயைக் கழற்றினார். நல்லவேளையாக, வெடிப்பு அதன் நுனியில்தான் இருந்தது. வெடித்த பாகத்தைக் கத்தியால் ஓர் அங்குலம் நறுக்கிவிட்டு, மீதியை இழுத்துச் செருகி வளையத்தை முடுக்கினார். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பே விரிசல் விடலாம் என்றும், முள் ஏறிய பின் ஒரு மைல் ஓட்டினாலும் என்ஜினின் தலைப்பாகம் கோணிப்போகும் என்றும் பாடம் சொல்லிக்கொண்டே தண்ணீர் ஊற்றினார்.

"மெதுவாப் போங்க. ஹீட்டரை முழுசாத் திருப்பி வையுங்க; உள்ளே இருக்கிற சூடு அந்த வழியாவும் வெளியே போகும்."

பணம் நீட்டினோம். வாங்க மறுத்துவிட்டார். "சங்கரன்கோவில்ல எனக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டிருங்க" என்று சொல்லி லாரியில் ஏறிக்கொண்டார்.

மார்கழிக் குளிரில் அனல் காற்று வீச, வேர்த்து விறுவிறுத்து, வழி நெடுக முள்ளையே பார்த்தபடி சங்கரன்கோவில் சேர்ந்தோம். புதுக் குழாய் மாட்டி முடிவதற்குள் நடை சாத்தியாகிவிட்டது. மாலையில்தான் தரிசனம் கிடைத்தது. சிவன் சந்நிதிக்கும் கோமதி அம்மன் சந்நிதிக்கும் நடுவே, வலப்பாதி சிவனாகவும் இடப்பாதி திருமாலாகவும் சங்கரநாராயணர் நிற்கிறார். நாகங்களின் வழக்கு அங்கே தீர்ந்தது. நம் வழக்கும் தீர்ந்தது. லாரிக்காரருக்காக ஒரு கும்பிடு போட்டோம். பிறகு, பையனின் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு கும்பிடும் போட்டோம்.

தாயார் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு, "ஐந்தும் பார்க்கவில்லையே என்று வருத்தப்படாதே. நெருப்பையும் நீரையும் வழியிலேயே பார்த்தாயிற்று, மண் இங்கே. மற்ற இரண்டும் அடுத்த மார்கழிக்கு" என்றார்.

அடுத்த மார்கழிக்கு முன் ஒன்று செய்வதாக உத்தேசம். புறப்படும் நாள் காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே தண்ணீர் மட்டத்தையும் ரப்பர்க் குழாய்களையும் பார்த்துவிடப் போகிறோம். அதற்கு மூன்று நிமிஷம்தான் பிடிக்கும். மூட்டை கட்டுவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைப் பற்றி நாம் இனி வாய் திறப்பதாக இல்லை.