வாசல் மணியில் பீத்தோவன்

எங்கள் குடியிருப்பில் ஒரு நண்பர் தம் பழைய காரைப் பின்பக்கமாக எடுக்கும்போதெல்லாம் ஒரு மெட்டு ஒலிக்கும். சென்ற ஆண்டு கோடை விடுமுறைக்குப் புனேயிலிருந்து வந்திருந்த பதினொரு வயதுப் பேத்தி அதைக் கேட்டுவிட்டு, "தாத்தா, இந்தக் கார் 'ஃபூர் எலீஸ்' வாசிக்குது. ஆனா முதல் பக்கத்தோட நிறுத்திடுது. அம்மாவும் அப்படித்தான்" என்றாள்.

அருகிலிருந்த என் மகள், "அடுத்த பக்கத்துக்கு நான் போகவே இல்லையே கண்ணு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அடுத்த பக்கத்துக்குப் போகாததற்குக் காரணம் நான்தான். அதை எழுதத்தான் இந்தக் கட்டுரை.

'எலீஸுக்காக' என்று பொருள்படும் இந்தப் பியானோ உருப்படியைக் கேட்டிராத வாசகர் நம் சங்கத்தில் இருக்க முடியாது. பெயர் தெரியாமல் இருக்கலாம். தொலைபேசியில் நம்மைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு ஒலிக்கவிடும் இசை, குழந்தைகளின் பொம்மை, பிறந்தநாள் வாழ்த்து அட்டை எல்லாவற்றிலும் அது உண்டு. தைவான் நாட்டில் குப்பை வண்டி தெருவுக்குள் வரும்போது இதைத்தான் ஒலிக்கிறார்கள். கேட்டதும் வீட்டுக்காரர்கள் குப்பைப் பையோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

இதை எழுதியவர் ஜெர்மனியில் பிறந்து வியன்னாவில் வாழ்ந்த பீத்தோவன். ஆண்டு 1810. அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1801-இல், நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், சற்றுத் தள்ளி நின்றால் வாத்தியங்களின் மேல் ஸ்தாயி ஒலிகள் காதில் விழுவதில்லை என்று வருந்தியிருக்கிறார். பட்டறை இரைச்சலில் முப்பத்தைந்து வருடம் கழித்த என் போன்றவர்களுக்கு அந்த வருத்தம் நன்றாகவே புரியும். எங்களுக்கும் முதலில் போவது மேல் ஸ்தாயிதான்.

அவர் உயிரோடு இருந்தவரை இது அச்சாகவில்லை. 1827-இல் அவர் மறைந்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1867-இல், லுட்விக் நோல் என்ற ஆய்வாளர் மியூனிக்கில் தாம் பார்த்த கையெழுத்துப் பிரதியைக் கொண்டு இதை வெளியிட்டார். 'எலீஸுக்காக, ஏப்ரல் 27, நினைவாக' என்று அதில் எழுதியிருந்ததாகவும் தெரிவித்தார். அந்தப் பிரதி பிறகு யார் கண்ணிலும் படவில்லை. யார் அந்த எலீஸ் என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். பீத்தோவன் மணக்க விரும்பிய தெரேஸா மல்ஃபாட்டி என்ற பெண்ணின் பெயரைத்தான், அவருடைய கிறுக்கல் எழுத்தால், நோல் தவறாகப் படித்துவிட்டார் என்பது ஒரு கட்சி. எலிசபெத் ரோக்கல் என்ற பாடகிதான் அவள் என்பது இன்னொரு கட்சி.

2012-இல் வந்த 'ஜாங்கோ அன்செயின்டு' என்ற ஹாலிவுட் படத்தில் ஒரு பண்ணை மாளிகையில் பெண் ஒருத்தி இதை யாழ் போன்ற ஹார்ப்பில் வாசிப்பாள். கதை நடப்பது 1858-இல். அச்சாவதற்கு ஒன்பது வருடம் முன்பே அமெரிக்கப் பண்ணைக்கு அது எப்படிப் போயிற்று? இந்தப் பாட்டு எந்தக் காலத்திலும் இருந்ததாகவே நாம் எல்லோரும் எண்ணிக்கொள்கிறோம் என்பதற்கு இதுவே சாட்சி.

இனி என் கதைக்கு வருகிறேன். 1996-இல் நாங்கள் கரக்பூர் ரயில்வே காலனியில் இருந்தோம். என் மகள் அதே காலனியில் ஓர் ஆங்கிலோ இந்திய ஆசிரியையிடம் பியானோ கற்றுக்கொண்டிருந்தாள். அவள் பிறந்தநாளுக்கு நானே ஒரு வாசல் மணி செய்து மாட்டினேன். யூஎம்66 என்று ஒரு சில்லு அப்போது சில ரூபாய்க்குக் கிடைக்கும். டிரான்ஸிஸ்டர் போலவே மூன்று கால். இரண்டு பென்சில் பேட்டரியும் ஒரு சின்ன ஸ்பீக்கரும் இருந்தால் போதும், பாடும். அதன் எண்ணோடு 19 என்று சேர்ந்திருந்தால் அது பாடுவது 'ஃபூர் எலீஸ்'.

அந்தச் சில்லுக்குள் ஸ்வர வரிசையைப் பதித்திருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் அதற்கு வரும். இந்தப் பாட்டின் முதல் பகுதியில் வலது கையும் இடது கையும் பெரும்பாலும் ஒன்று விட்டதை மற்றது எடுத்துக்கொள்ளும். அதனால் ஒற்றைக் குரலிலும் மெட்டு சிதையாது. ஆசிரியர் என்றோ மறைந்துவிட்டதால் உரிமைத் தொகையும் கிடையாது. மணி செய்பவனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்தத் தொடக்கத்தை மிக மெல்ல வாசிக்க வேண்டும் என்பது பீத்தோவன் போட்ட குறிப்பு. நம் கணக்கில் சொன்னால், பஞ்சமமும் பிரதி மத்யமமும் மாறி மாறி, தயங்கித் தயங்கி வந்து, பிறகு சுத்த மத்யமத்தையும் தொட்டு ஷட்ஜத்தில் வந்து அமரும். அந்தத் தயக்கம் சில்லுக்குத் தெரியாது. அதற்கு எல்லாம் ஒரே சத்தம்.

2001 மார்ச்சில் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. அதற்கு ஆறு மாதம் முன்பே பியானோ வகுப்பை நிறுத்திவிட்டேன். ஆசிரியை எங்கள் வீட்டுக்கே வந்தார். "இன்னும் இரண்டு பக்கம்தான் சார். முடித்துவிடட்டுமே" என்றார். நான், "அதான் நன்றாக வாசிக்கிறாளே மேடம், எங்கள் வீட்டு மணியை விட நன்றாக" என்றேன். நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்து போனார். தேர்வு முடிந்தது. அதற்குள் அவர் மகனோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். பியானோவும் விலை போயிற்று. மகள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நல்ல மதிப்பெண் வாங்கினாள்.

அந்த இரண்டு பக்கத்தில் என்ன இருக்கிறது என்று இருபத்து மூன்று வருடம் எனக்குத் தெரியாது. கோடையில் பேத்தி அப்படிச் சொன்ன பிறகு, அவளுடைய கீபோர்டில் தாயும் மகளும் சேர்ந்தே மிச்சத்தைக் கற்கத் தொடங்கினார்கள். இந்தப் பொங்கலுக்கு நாங்கள் புனே போயிருந்தபோது மகள் முழுதாக வாசித்துக் காட்டினாள்.

முதல் பகுதி முடிந்ததும் பாட்டு சட்டென்று வெளிச்சத்துக்கு வருகிறது, விரல்கள் ஓடுகின்றன. மீண்டும் பழைய மெட்டு. பிறகுதான் மூன்றாவது பகுதி. இடது கை கீழ் ஸ்தாயியில் ஒரே ஸ்வரத்தை விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது. ராத்திரி ரயிலில் படுத்திருக்கும்போது தலைக்குக் கீழே தண்டவாள இணைப்புகள் தட்டுமே, அப்படி. மேலே கோபமும் கெஞ்சலுமாக அடுக்கடுக்காக ஒலிகள். என் காதுக்குக் கீழ் ஸ்தாயி இன்னும் நன்றாகவே கேட்கிறது. கடைசியில் ஸ்வரங்கள் உச்சிவரை ஏறி, ஒவ்வொரு படியாக இறங்கி, அதே பழைய மெட்டில் வந்து சேர்கின்றன. ஆயிரம் தடவை கேட்ட மெட்டுதான். ஆனால் அந்தப் புயலைக் கடந்து வந்த பிறகு அது வேறு பாட்டாக இருந்தது.

நடுவில் இரண்டு இடத்தில் தடுமாறினாள். முடித்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, "ரெண்டு பக்கம்தான்ப்பா" என்றாள். ஆசிரியை வந்த அன்று அவள் உள்ளறையில் இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "தப்பு என்னோடதும்மா" என்றேன். "சரி, காபி குடிங்க" என்றாள்.

மறுநாடனில் இருக்கும் நம் வீடுகளில் வீணையும் பரதமும் கீபோர்டும் குழந்தைகள் கற்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் நிறுத்துகிறோம். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். உங்கள் வீட்டிலும் அந்த நாள் வந்தால், நிறுத்துவதற்கு முன் ஆசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்னும் எத்தனை பக்கம் இருக்கிறது?"