கூந்தன்குளத்து வாத்தும் முக்திநாத் தலைவலியும்

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரிப் பக்கம் இருக்கிறது கூந்தன்குளம். தை மாதத்தில் அங்கே போனால், குளக்கரைப் புல்லை மேய்ந்துகொண்டிருக்கும் ஒரு சாம்பல் நிற வாத்துக் கூட்டத்தைப் பார்க்கலாம். வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். அதனால்தான் வரித்தலை வாத்து என்று பெயர். இரண்டு மூன்று கிலோ எடை, அசைந்து அசைந்து ஒரு நடை. பார்த்தால் வீட்டு வாத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி போலத்தான் தோன்றும்.

ஆனால் இது குஞ்சு பொரிப்பது திபெத், மங்கோலிய ஏரிகளில். குளிர்காலத்துக்கு இந்தியாவுக்கு இறங்கி வருகிறது. அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் நடுவில் நிற்பது இமயமலை.

அந்த மலையை எப்படித்தான் தாண்டுகிறது? விஞ்ஞானிகள் இந்த வாத்துகளின் முதுகில் கருவியைக் கட்டிவிட்டுச் செயற்கைக்கோள் வழியாகப் பின்தொடர்ந்தார்கள். அதிகபட்சமாக 7,290 மீட்டர் உயரம் பதிவானது. பெரும்பாலும் அவ்வளவு உயரம் போவதில்லை. மலையின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே ஏறி இறங்கிப் பறக்கின்றன. பள்ளத்தாக்கு கிடைத்தால் இறங்கிக்கொள்கின்றன. இரவிலும் விடியற்காலையிலும் காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும்போது புறப்படுவதே அவற்றின் வழக்கம். இந்தியச் சமவெளியிலிருந்து கிளம்பி, ஏழெட்டு மணி நேரத்தில் இமயத்தைக் கடந்துவிடுகின்றன.

அதே சமவெளியிலிருந்து ஒரு மனிதனை ஏழெட்டு மணி நேரத்தில் அந்த உயரத்தில் கொண்டுபோய் விட்டால், அவனால் நிற்கவே முடியாது.

பாரம்தான் குறைகிறது

‘மேலே போனால் காற்றில் ஆக்ஸிஜன் குறைந்துவிடும்’ என்போம். காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு சென்னையிலும் எவரெஸ்ட்டிலும் ஒன்றுதான்: நூற்றுக்கு 21. குறைவது காற்றின் அழுத்தம். 5,500 மீட்டரில் அது பாதியாகிவிடுகிறது. எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் ஆக்ஸிஜனைத் தள்ளுவது அந்த அழுத்தமே. தள்ளும் கை தளர்ந்தால், எவ்வளவு மூச்சிழுத்தாலும் உள்ளே போவது கொஞ்சம்தான்.

இதில் ஆபத்து என்னவென்றால், நமக்கு அது தெரிவதில்லை. 1875 ஏப்ரலில் பிரான்ஸில் ‘செனித்’ என்ற பலூனில் மூன்று பேர் 8,000 மீட்டருக்கு மேல் போனார்கள். ஆக்ஸிஜன் பைகள் கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கின. எடுத்து வாயில் வைக்கக் கை எழும்பவில்லை. வலி தெரியவில்லை, பயமும் வரவில்லை. இரண்டு பேர் அங்கேயே இறந்தார்கள். உயிரோடு திரும்பிய காஸ்தோன் திஸாந்தியே காது கேட்கும் திறனை இழந்தார்.

வாத்துக்கு வாய்த்தது

நம் நுரையீரலில் காற்று போன வழியே திரும்பி வருகிறது. புதுக்காற்றோடு பழைய காற்று கலந்துவிடும். பறவைக்கு அப்படியில்லை. காற்றறைகள் துருத்தி போல இயங்குவதால், நுரையீரலுக்குள் காற்று ஒரே திசையில் ஓடுகிறது. இது எல்லாப் பறவைக்கும் உள்ள வசதி.

வரித்தலை வாத்துக்கு இதற்கு மேலும் சில வசதிகள். மற்ற வாத்துகளைவிட நுரையீரல் பெரிது. சிறகடிக்கும் தசையிலும் இதயத்திலும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. அதன் ஹீமோகுளோபினில் சில அமினோ அமிலங்கள் மாறியிருக்கின்றன. சில எழுத்துத் திருத்தங்கள்தான். ஆனால் அழுத்தம் குறைந்த காற்றிலும் அந்த ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனை விடாமல் பற்றிக்கொள்கிறது.

விண்வெளி வீராங்கனை ஜெசிகா மெய்ர், விண்ணுக்குப் போவதற்கு முன் இந்த வாத்துகளைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். குஞ்சு பொரித்த நாளிலிருந்து தாய்போல வளர்த்து, முகமூடி மாட்டி, காற்றுச் சுரங்கத்தில் பறக்கவிட்டார். ஆக்ஸிஜனைக் குறைத்தபோது இதயம் படபடக்கவில்லை. வாத்து ஆற்றல் செலவைக் குறைத்துக்கொண்டு பறந்தது. 2019இல் வெளியான முடிவு இது.

நம் உடல் வாங்கும் கடன்

நமக்கு இந்த வசதி எதுவும் இல்லை. ஆனாலும் உடல் சும்மா இருப்பதில்லை. கழுத்துத் தமனி பிரியும் இடத்தில் அரிசி மணி அளவில் ஓர் உறுப்பு இருக்கிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்ததும் அதுதான் மூளைக்குச் சொல்கிறது, மூச்சு வேகமெடுக்கிறது. அப்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, ரத்தத்தில் காரத்தன்மை கூடுகிறது. உடனே மூளை மூச்சுக்குக் கடிவாளம் போடுகிறது. மலையில் முதல் சில இரவுகள் மூச்சு நின்று நின்று வந்து, தூக்கம் கெடுவது இதனால்தான். சிறுநீரகம் அந்தக் காரத்தைச் சிறுநீரில் கழித்துச் சமன்செய்ய நாலைந்து நாள் ஆகும்.

அதே சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, எலும்பு மஜ்ஜையைச் சிவப்பணு செய்யச் சொல்கிறது. அது கூடிவர வாரக்கணக்காகும். ஆக்ஸிஜன் குறைவதைச் செல்கள் எப்படி உணர்கின்றன என்பதைக் கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமென்ஸா மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

சிவப்பணு கூடுவது நல்லதுதானே என்று தோன்றும். அது கடன், வட்டி உண்டு. அணுக்கள் மிகுந்தால் ரத்தம் கூழாகிறது, இதயம் இறைக்கத் திணறுகிறது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்களிலேயே சிலருக்கு இப்படி ரத்தம் தடித்து நோயாகிறது. 1920களில் பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மோங்கே அதை விவரித்தார். இன்றும் மோங்கே நோய் என்றே அதற்குப் பெயர்.

திபெத்தியர் கண்ட வழி

திபெத்தியர்கள் 4,000 மீட்டரில் உழுகிறார்கள், யாக் மேய்க்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். அவர்கள் ரத்தத்தில் சிவப்பணு குவிந்துகிடக்கும் என்றுதான் நினைப்போம். பார்த்தால், ஹீமோகுளோபின் ஏறக்குறைய கடலோரவாசிகளின் அளவில் இருக்கிறது. ரத்தக் குழாய்கள் விரிந்து, ரத்த ஓட்டம் தாராளமாக இருக்கிறது. ரத்தத்தைத் தடிக்க விடாமல் ஓடவிடுவதே அவர்கள் உடல் கண்ட வழி.

காரணம், ஈபாஸ்1 என்ற மரபணுவில் அவர்களுக்குள்ள மாற்றம். ‘சிவப்பணு செய்’ என்ற கூக்குரலை அது அடக்கிவைக்கிறது. 2010இல் இது தெரிய வந்தது. 2014இல் இன்னோர் ஆச்சரியம்: அந்த மரபணு, சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த எலும்பால் நாம் அறிந்த, மறைந்துபோன வேறொரு மனித இனத்திடமிருந்து வந்தது. எப்போதோ நடந்த ஒரு கலப்பு மணத்தின் சீதனம் இன்றைக்கு மலையில் சோறு போடுகிறது.

நமக்கு என்ன பாடம்?

திருச்சாளக்கிராமம் என்று வைணவர்கள் போற்றும் முக்திநாத் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 800 மீட்டரில் உள்ள போக்ராவில் காலையில் விமானம் ஏறி, ஜோம்சோமில் இறங்கி, ஜீப் பிடித்து, மதியத்துக்குள் சந்நிதியில் நிற்கும் பயணிகள் நம்மூரிலிருந்தும் போகிறார்கள். விமானத்தில் நேராக 3,500 மீட்டர் உயர லே நகரில் இறங்கி, அன்றைக்கே ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களும் உண்டு. அன்றிரவு தலை விண்ணென்று வலிக்கும். ‘குளிர்தான், சூடாகக் காபி குடித்தால் சரியாகிவிடும்’ என்பார்கள்.

குளிர் இல்லை, உயரம். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கீழே இறங்குங்கள். இறங்குவதுதான் முதல் மருந்து. 3,000 மீட்டரைத் தாண்டினால், இரவு தங்கும் இடம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. இதயம், நுரையீரல் தொல்லை உள்ளவர்கள் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

வாத்து ஏழெட்டு மணி நேரத்தில் தாண்டிவிடும். நம் சிறுநீரகத்துக்கு நாலைந்து நாள் வேண்டும். பயணத் திட்டத்தில் அந்த நாட்களையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.