கழித்துப் பாருங்கள்!

தினமும் டேட்டாபேஸ்களோடு வேலை செய்பவன் நான். என்னை உலுக்கிய டேட்டாபேஸ் ஒன்று உண்டு. ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக அட்லாண்டிக் கடல் கடந்து ஏற்றிச் சென்ற 36,000-க்கும் மேற்பட்ட கப்பல் பயணங்களின் தொகுப்பு அது. 1999-ல் சிடியாக வெளிவந்தது. 2008-ல் ஸ்லேவ்வாயேஜஸ் டாட் ஆர்க் தளத்தில் இலவசமாக வைக்கப்பட்டது.

கப்பல், கேப்டன், ஆண்டு, துறைமுகம் என எதைக் கொடுத்தும் தேடலாம். ஒரு பீல்டு காலியாக இருந்தால் அதைப் பூஜ்யம் என்று எண்ண வேண்டாம். தகவல் இல்லை என்றே பொருள்.

இத்தொகுப்பின் மதிப்பீட்டின்படி ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். கரை இறங்கியவர்கள் 1 கோடியே 7 லட்சம் பேர். கழித்துப் பாருங்கள். விடையாக வரும் 18 லட்சமும் வழியில் இறந்த மனிதர்கள். பயணப் பதிவில் கேப்டனுக்குப் பெயர் உண்டு. அவர்களுக்கு எண்ணிக்கை மட்டுமே.

பிடிபட்ட கப்பல்களிலிருந்தும் ஆப்பிரிக்க வணிகத் தளங்களிலிருந்தும் மீட்கப்பட்ட 91,491 பேரின் விவரங்களும் இத்தொகுப்பில் சேர்ந்துள்ளன. பெயர், வயதோடு இருக்கும் அந்தப் பட்டியலை அவசியம் படித்துப் பாருங்கள்.