எடைமேடைக்கும் கணினிக்கும் இடையே ஒரு சிறு பெட்டி

சிவகாசி, சாத்தூர் வட்டாரக் கரிசல் விவசாயிகள் மானாவாரியில் விளைந்த மக்காச்சோளத்தை எடை போடும்போது, தராசு காட்டும் எண்ணை ஒருவர் உரக்கச் சொல்ல, மற்றொருவர் எழுதுவது வழக்கம். 51.6 கிலோ என்பது ஏட்டில் 50.6 ஆகிவிட்டால் நட்டம் விவசாயிக்கே.

மின்னணுத் தராசுகள் பலவற்றின் பின்புறம் ஆர்.எஸ். 232 என்னும் சீரியல் இணைப்பு உண்டு. இதன் வழியே எடை நேராகக் கணினிக்குச் செல்லும். ஆனால் கம்பி சுமார் 50 அடியைத் தாண்டினால் நம்பகம் குறையும். அலுவலகமோ களத்துக்கு எட்டத்தில் இருக்கும். அங்கே ஈதர்நெட் கன்வெர்ட்டர் கைகொடுக்கிறது. தராசின் கம்பியை அதில் செருகி, மறுபுறம் நெட்வொர்க் கேபிளைப் பொருத்தினால் 100 மீட்டர் வரை எடை பிசகாமல் போய்ச் சேரும்.

தராசு 9600 வேகத்தில் அனுப்பினால் பெட்டியிலும் 9600 என்றே அமைக்க வேண்டும்; மாறினால் எண்ணுக்குப் பதில் கிறுக்கல்தான் வரும். இரண்டு பெட்டிகளுக்கு ஒரே ஐ.பி. முகவரி கூடாது. ஐப்பசி இடிமின்னலுக்கு முன் நில இணைப்பைச் சரிபார்ப்பது அவசியம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் தராசு வாங்கும்போதே சீரியல் இணைப்பு உள்ளதா எனக் கேட்டு வாங்குவது நலம்.

பெட்டி தராசின் பிழையைத் திருத்தாது. தராசு குறைத்துக் காட்டினால் கணினியும் அதையே பதியும். ஆகவே இவ்வாண்டு முத்திரை உள்ளதா, காலி மேடை சுழியம் காட்டுகிறதா என்று முதலில் பார்த்து, ரசீதிலுள்ள எடையைத் தராசின் எண்ணோடு ஒப்பிட்ட பிறகே விவசாயிகள் கையொப்பமிட வேண்டும்.