ஆபரேஷன் ஓரிரு மணி நேரம்... காத்திருப்பு ஒன்பது மாதம்! - விளையாட்டு, ராணுவ வீரர்களின் மூட்டுக் காயங்கள்

2019 மே மாதம். மும்பை கோகிலாபென் அம்பானி மருத்துவமனையில் 21 வயது இளைஞர் ஒருவருக்கு வலது முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது. மூட்டுக்குள் உடைந்து கிடந்த எலும்புத் துண்டுகளை டாக்டர் தின்ஷா பர்திவாலா அகற்றினார். அந்த இளைஞர் ஈட்டி எறிதல் வீரர். ராணுவத்தின் ராஜ்புதானா ரைஃபிள்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவரும்கூட. பெயர், நீரஜ் சோப்ரா!

அந்த ஆண்டு தோஹாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் அவரால் கலந்துகொள்ள முடியவில்லை. 2020 ஜனவரியில்தான் தென் ஆப்பிரிக்காவில் களமிறங்கினார். 87.86 மீட்டர் எறிந்து ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். 2021 ஆகஸ்ட் 7-ல் டோக்கியோவில் அவர் தங்கம் வென்ற கதை எல்லோருக்கும் தெரியும். ஆபரேஷனுக்கும் அடுத்த போட்டிக்கும் நடுவே ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் போனது பலருக்குத் தெரியாது.

மூட்டுக் காயங்களில் மிக முக்கியமான கட்டமே இந்தக் காத்திருப்புதான். பலர் கோட்டை விடுவதும் இங்கேதான்.

யாரும் மோதாமலே கிழியும் ஜவ்வு!

'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வது, பெரும்பாலும் முழங்கால் மூட்டின் லிகமென்ட்டைத்தான். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இழுத்துப் பிடித்திருக்கும் கயிறு போன்ற திசு இது. இதில் நடுவில் குறுக்காக ஓடும் ஏ.சி.எல். தான் வீரர்களுக்கு அதிகம் பிரச்னை கொடுக்கிறது.

எதிராளி வந்து மோதினால்தான் இது கிழியும் என்றில்லை. வேகமாக ஓடி சட்டென நிற்பது, பாதம் தரையில் ஊன்றியிருக்க உடல் திரும்புவது, ஒற்றைக் காலில் குதித்து இறங்குவது... இவையே போதும். 'டப்' என்ற உணர்வு, சில மணி நேரத்துக்குள் வீக்கம். இவை இரண்டும் முக்கிய அறிகுறிகள்.

ராணுவத்தினருக்கு ஆபத்து இன்னும் அதிகம். முதுகில் சுமையோடு மலை ஏறுவது, தடை தாண்டும் பயிற்சி, உயரத்திலிருந்து குதிப்பது எனத் தினமும் மூட்டுகளுக்கு வேலை. முழங்காலோடு தோள்பட்டையும் அடி வாங்கும். இளம் வயதில் ஒருமுறை நழுவிய தோள்மூட்டு, மறுபடி மறுபடி நழுவ வாய்ப்பு அதிகம். அதனால் கிழிந்த பகுதியை எலும்போடு சேர்த்துத் தைக்கும் ஆபரேஷனை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

ராணுவ வீரர்களுக்கு வலியைத் தாண்டி இன்னொரு கவலையும் உண்டு. 'ஷேப்' என்ற மருத்துவத் தரவரிசையில் கை, கால்களுக்கும் ஒரு மதிப்பீடு இருக்கிறது. காயத்தால் தரம் இறங்கினால், எங்கே, எந்தப் பணிக்கு அனுப்புவது என்பது முதல் பதவி உயர்வு வரை பாதிக்கப்படலாம்.

தைத்தால் ஒட்டாதா?

தோல் கிழிந்தால் ரத்தம் உறைந்து, புண் ஆறும். முழங்காலுக்குள் இருக்கும் திரவத்தால் அந்த உறைவு நிலைப்பதில்லை. அதனால், முழுதாகக் கிழிந்த ஏ.சி.எல். தானாகச் சேர்வது கடினம்.

எனவே நோயாளியின் தொடைப் பின்புறத்திலிருந்தோ, முழங்கால் சிப்பிக்குக் கீழிருந்தோ கொஞ்சம் நாரை எடுத்து, புதிய லிகமென்ட்டாகப் பொருத்துகிறார்கள். சிறிய துளைகள் வழியே கேமரா செலுத்திச் செய்யும் ஆர்த்ராஸ்கோபி முறை இது. 1918-ல் ஜப்பானின் கென்ஜி டகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியை, இறந்தவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்ததில் தொடங்கிய பயணம் இது.

வலி போய்விட்டது... அதுதான் ஆபத்து!

பொருத்திய நார் உடனே லிகமென்ட்டாகிவிடாது. அதற்குள் புதிய ரத்தநாளங்கள் வளர வேண்டும். இரண்டு, மூன்று மாதங்களில் வலி குறைந்து, நடை சரியாகிவிடும். ஆனால், நார் பலவீனமாக இருப்பதும் ஏறத்தாழ அதே சமயத்தில்தான். 'நல்லாத்தானே இருக்கு' என்று மைதானத்தில் இறங்கினால், மறுபடி கிழியலாம்.

2016-ல் வெளியான ஒரு நார்வே ஆய்வு, விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பதாவது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும், மீண்டும் காயம்படும் வாய்ப்பு சுமார் 51 சதவிகிதம் குறைவதாகக் கண்டது. காலண்டர் மட்டும் போதாது. காயம்பட்ட காலின் தொடைத் தசை, மற்ற காலின் வலுவில் 90 சதவிகிதமாவது எட்ட வேண்டும். ஒற்றைக் காலில் தாண்டும் சோதனையிலும் தேற வேண்டும்.

பொறுமைக்குப் பலன் உண்டு என்பதற்கு மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் ஓர் உதாரணம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் காயத்தோடு ஸ்ட்ரெச்சரில் வெளியேறியவர், 2018 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். 2023 ஆகஸ்ட்டில் முழங்காலில் மீண்டும் ஆபரேஷன். அடுத்த ஆண்டே பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிச்சுற்று வரை முன்னேறினார். எடைப் பிரச்னையால் பதக்கம் கைநழுவியது வேறு கதை.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அடிபட்டால்...

கபடி ஆடும் மகன், கால்பந்து ஆடும் மகள், போலீஸ் அல்லது ராணுவத் தேர்வுக்காக ஓடும் தம்பி... யாருக்கும் இது நடக்கலாம்.

* முதல் இரண்டு நாள்கள் ஓய்வு, துணி சுற்றிய ஐஸ் ஒத்தடம், காலை உயர்த்தி வைத்தல் போதும். சூடான எண்ணெய் போட்டு உருவிவிடுவது, இழுத்துக் கட்டுவது வேண்டாம்.

* எக்ஸ்ரேயில் எலும்பு மட்டுமே தெளிவாகத் தெரியும். அது நார்மல் என்றாலும் வீக்கம் இருந்தால், எம்.ஆர்.ஐ. தேவையா என்று எலும்பு மூட்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

* வீக்கம் வடிந்த பிறகும் நடக்கும்போது மூட்டு 'பிடிப்பில்லாமல்' மடங்கினால் அலட்சியம் கூடாது. ஒவ்வொரு முறை நழுவும்போதும் உள்ளே இருக்கும் குஷன் போன்ற குருத்தெலும்பு தேயலாம். பின்னாளில் மூட்டுத் தேய்மானம் வரக்கூடும்.

* எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. ஓடி ஆடும் வேலை இல்லாதவர்கள் பலர் பிசியோதெரபியாலேயே சமாளிக்கிறார்கள். வயது, வேலை, விளையாட்டு மூன்றையும் பார்த்தே மருத்துவர் முடிவெடுப்பார்.

* ஆபரேஷன் என்று முடிவானால், அதன் செலவோடு பல மாத பிசியோதெரபிக்கான பணத்தையும் நேரத்தையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். கையில் இருப்பதை எல்லாம் ஆபரேஷனுக்கே செலவழித்துவிட்டு, பயிற்சியைப் பாதியில் நிறுத்தினால், நல்ல ஆபரேஷனும் வீணாகிவிடும்.