வசனம் இல்லாத நாகேஷ்

1994இல் வெளிவந்த 'மகளிர் மட்டும்' படத்தில் நாகேஷுக்கு ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. அவருக்குக் கொடுத்த வேடம், பிணம். ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் தங்கள் மேலாளரின் உடல் என்று தவறாக நினைத்து, மருத்துவமனையிலிருந்து அதைக் கடத்திக்கொண்டு அலைகிறார்கள். அவர்கள் சாய்த்த பக்கம் சாய்ந்து, விட்ட இடத்தில் தொய்ந்து, தியேட்டரையே குலுங்க வைத்தார் நாகேஷ். அப்போது அவருக்கு வயது அறுபது.

ஊமைப்பட நடிகர்களுக்கு உடம்புதான் மொழி. ஜெர்மனியின் மியூனிக் நகரில் பிறந்த கார்ல் வாலன்டின் (1882–1948), தன் ஒட்டடைக்குச்சி உடம்பை வைத்தே மேடையிலும் ஊமைப்படங்களிலும் சிரிக்க வைத்தவர். நாகேஷ் திரைக்கு வந்தபோது தமிழ் சினிமா பேசத் தொடங்கிக் கால் நூற்றாண்டு கடந்திருந்தது. ஆனாலும் அவர் அந்தப் பழைய கலையின் வாரிசு.

1933இல் தாராபுரத்தில் ஒரு கன்னடக் குடும்பத்தில் பிறந்தவர். ஒல்லி உடம்பு, முகமெல்லாம் அம்மைத் தழும்பு. சென்னையில் ரயில்வே குமாஸ்தா வேலை பார்த்தபடி நாடகங்களில் தலைகாட்டினார். ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரராகச் சிறு வேடம். தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே அவரைப் பாராட்டினார். வலியில் அந்த உடம்பு துடித்த விதம்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

1964இல் 'சர்வர் சுந்தரம்' அவரைக் கதாநாயகனாக்கியது. அதே ஆண்டு 'காதலிக்க நேரமில்லை'. டி.எஸ்.பாலையாவுக்கு அவர் பேய்க்கதை சொல்லும் காட்சியை நினைத்துப் பாருங்கள். கதவு கிரீச்சிடுவது முதல் எல்லாச் சத்தமும் நாகேஷின் வாயிலிருந்தே வரும். பாலையாவின் முகமோ பேச்சே இல்லாமல் வெளிறிக்கொண்டே போகும். ஒருவர் பேசும்படம், எதிரே இருப்பவர் ஊமைப்படம். அடுத்த ஆண்டே 'திருவிளையாடல்' தருமி.

'மகளிர் மட்டும்' படத்தை இயக்கியவர் நெல்லூர்ச் சீமைக்காரரான சிங்கீதம் சீனிவாசராவ். 1987இல் கமல்ஹாசன், அமலாவை வைத்து வசனமே இல்லாத படம் எடுத்தவரும் அவர்தான். கன்னடத்தில் 'புஷ்பக விமானா', தெலுங்கில் 'புஷ்பக விமானம்', இந்தியில் 'புஷ்பக்', தமிழில் 'பேசும் படம்' எனப் பெயர் மட்டுமே மாறியது. திருப்பதியிலிருந்து புத்தூர் வழியாகச் சென்னைக்குப் போகும் சாலையில் உள்ள வடமாலபேட்டை போன்ற, தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் எல்லை ஊர்களில் இந்தப் படத்துக்கு 'இது யார் மொழிப் படம்' என்ற கேள்வியே எழ வழியில்லை. அந்த மௌனத்தின் ருசி தெரிந்த இயக்குநரிடம்தான் நாகேஷின் பிண வேடமும் வந்து சேர்ந்தது.

நாகேஷ் 2009 ஜனவரி 31 அன்று சென்னையில் காலமானார். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது, அதே 1994இல் வந்த 'நம்மவர்' படத்துக்காக. அதில் அவர், மகளைப் பறிகொடுத்துக் கதறும் தகப்பன்.